டியூப்லைட்டும் ஒரு வாத்தியம்: பிள்ளைகளுக்குக் கேட்கவும், கேட்டதை இசையாக்கவும் சொல்லிக்கொடுக்க ஒரு வழிகாட்டி

கோடை விடுமுறை வகுப்பின் முதல் நாள். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வரை பதினோரு பிள்ளைகள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா உட்காரச் சொன்னேன். அப்புறம் காதில் விழுந்ததையெல்லாம் தாளில் எழுதச் சொன்னேன். ஃபேன், காக்கா, பக்கத்து வீட்டு மிக்சி, பைக், யாரோ இருமியது. எல்லார் பட்டியலும் ஏறக்குறைய இதுதான். கடைசியாக ஒரு பையன் எழுந்து, "டியூப்லைட்" என்று வாசித்தான். வகுப்பே சிரித்தது. மற்ற நாட்களில் அவனைக் கூப்பிடுவதே அந்தப் பெயரில்தான் போலிருக்கிறது.

ஃபேனை நிறுத்தினேன். சிரிப்பு அடங்கியது. மேலேயிருந்து 'ம்ம்ம்ம்' என்று ஒரு முனகல் எல்லாருக்கும் கேட்டது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சி. பழைய சோக் வைத்த டியூப்லைட் அதன் இரட்டிப்பில், 100 ஹெர்ட்ஸில் முனகும். கனத்த குரல் கொண்ட ஒரு ஆண் பேசுகிற சுருதி அது. மூன்று வருடமாக அந்த அறையில் வகுப்பெடுக்கிறேன், எனக்கே அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

இப்படி ஒரு வகுப்பைத் தொடங்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "என்ன சாஃப்ட்வேர் சார்?" என்றுதான். அது ஐந்தாவது வாரத்துக்கு வர வேண்டிய கேள்வி. அதுவரை கம்ப்யூட்டரை மூடியே வையுங்கள். காதும் வாயும் கையும் பழகிய பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தால் பிள்ளைகள் இரண்டு மணி நேரத்தில் பழகிக்கொள்வார்கள். முதலிலேயே திறந்துவிட்டால் மாதம் முழுக்கப் பட்டனைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

எதைச் சொல்லிக்கொடுக்கிறோம்

எலக்ட்ரோஅகூஸ்டிக் இசை என்ற பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். பதிவு செய்த ஒலியையோ மின்கருவியில் பிறந்த ஒலியையோ எடுத்து, வெட்டி, ஒட்டி, திருப்பி, நீட்டி, ஸ்பீக்கர் வழியாகக் கேட்கச் செய்கிற இசை. ராகம் தாளம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால், பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைதான் இங்கே முதல் இரண்டு வாரம் திணறும். "இதுல ஸ எங்க இருக்கு?" என்று தேடிக்கொண்டிருக்கும்.

பிள்ளைகளுக்கு ஒரு கதை போதும். 1948இல் பாரிஸ் வானொலியில் பொறியாளராக இருந்த பியர் ஷெஃபெர், பத்தின்யோல் ரயில் நிலையத்துக்குப் போய் எஞ்சின்களின் ஓசையைப் பதிந்துகொண்டு வந்தார். அவரிடம் அப்போது டேப் கிடையாது, இசைத்தட்டுதான். தட்டில் ஓடும் பள்ளத்தை ஒரு வட்டமாக மூடிவிட்டால் ஊசி அங்கேயே சுற்றும், அதே ஓசை திரும்பத் திரும்ப வரும். கீறல் விழுந்த ரெக்கார்டு என்று நாம் ஒதுக்குவதை அவர் வேண்டுமென்றே செய்தார். ரயில் ஓசைகளாலேயே ஆன அந்த மூன்று நிமிடப் படைப்பு அந்த ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி ஒலிபரப்பானது. அதற்கு நாலு வருடம் முன்பே, 1944இல், கெய்ரோவில் ஹலீம் எல்-தாப் மெல்லிய கம்பியில் ஒலியைப் பதியும் கருவி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டுபோய், பெண்கள் பாடும் ஸார் என்ற சடங்கைப் பதிந்து, அந்த ஒலியை உருமாற்றிப் புதிதாக ஒன்று செய்திருந்தார். இந்தியாவிலும் ஆள் இல்லாமல் இல்லை: 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் மூக் சிந்தசைசர் கருவியோடு மின்னிசைக்கூடம் அமைத்தார், கீதா சாராபாய் உட்பட நம்மவர்கள் சிலர் அங்கே டேப்பில் இசை செய்தார்கள்.

ரயில் கதைதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மற்றது உங்களுக்கு. "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று பெற்றோர் கேட்டால் விவாதத்தில் இறங்காதீர்கள். கடைசி நாள் வந்து கேளுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

தேவையான சாமான்

ஒரு போன். ஒயர் போட்ட ஸ்பீக்கர் ஒரு ஜோடி. புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம், பட்டனைத் தட்டியபின் ஒலி சற்றுத் தாமதித்து வந்தால் பிள்ளை குழம்பிவிடும். வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய லேப்டாப் ஒன்று. நாலைந்து ஹெட்போன். சாக்பீஸ், தாள், ஒரு போர்வை. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காதீர்கள். ஏழு வயதுக்குக் கீழே என்றால் முதல் நான்கு படிகள் மட்டும் போதும்.

ஹெட்போன் சத்தத்தை நீங்களே முதலில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் வரை சரி என்று சொல்கிற உலக சுகாதார நிறுவனம், குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75 என்று குறைத்திருக்கிறது. டெசிபல் கணக்கு பிடிபடவில்லையா? மாட்டிய பிள்ளைக்குக் கை நீட்டும் தூரத்தில் நின்று சாதாரணமாகப் பேசுங்கள். அதற்குக் கேட்கவில்லை என்றால் குறைத்துவிடுங்கள்.

சத்தம் என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். அவர்களிடம் வால்யூம் திருகைக் கொடுத்துவிடுங்கள், கூட்டவோ குறைக்கவோ அவர்கள் இஷ்டம். காது சரியாகக் கேட்காத பிள்ளை இருந்தால் ஊதிய பலூனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்பீக்கர் முன்னால் உட்காரட்டும். அதிர்வு கைக்கும் மார்புக்கும் வரும்.

முதல் படி: ஒரு நிமிடம், ஒரு தாள்

எல்லா வகுப்பையும் நான் சொன்ன அந்தப் பட்டியலில்தான் தொடங்க வேண்டும். முதல் வாரம் வெறும் பட்டியல். இரண்டாவது வாரம் தாளை மூன்றாக மடியுங்கள்: தூரத்தில் கேட்டது, அறைக்குள் கேட்டது, என் உடம்பில் கேட்டது. மூன்றாவது கட்டம் முதலில் காலியாக இருக்கும். அப்புறம் எச்சில் விழுங்கியது, வயிறு கூப்பிட்டது, மூக்கில் மூச்சு ஓடியது என்று நிறையும்.

இதைப் பாடமுறையாகவே வளர்த்தவர் கனடாவின் இசையமைப்பாளர் மரே ஷேஃபர் (பாரிஸ்காரர் வேறு, இவர் வேறு). 1960களில் மாணவர்களுக்கு அவர் நடத்திய பயிற்சிக்கு 'காதைச் சுத்தம் செய்தல்' என்றே பெயர் வைத்திருந்தார். அதில் எனக்குப் பிடித்தது, ஒரு தாளைச் சத்தமே வராமல் வகுப்பு முழுக்கக் கைமாற்றுவது. நான் செய்தித்தாளின் முழு விரிப்பைக் கொடுப்பேன். 'சரக்' என்று ஒரு ஒலி வந்தாலும் முதல் ஆளிடம் திரும்பிவிடும். பத்து நிமிடம் ஆகும். வகுப்பில் யாரும் "சைலன்ஸ்" என்று கத்தாமலே அமைதி வருவதை அன்றைக்குப் பார்க்கலாம்.

இரண்டாம் படி: கேட்டுக்கொண்டே நடப்பது

இருபது நிமிட நடை. வரிசையாக, பேசாமல், போன் இல்லாமல். வான்கூவரில் ஷேஃபரோடு வேலை செய்த ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் 1974இலேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். அவர்கள் குழு தங்கள் ஊரின் ஒலிகளைப் பதிந்து 1973இல் இசைத்தட்டாகவும் வெளியிட்டிருந்தது.

நான் முதல் முறை செய்த தப்பைச் சொல்கிறேன். நிறைய ஒலி கிடைக்குமே என்று மெயின் ரோட்டில் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் ஹார்ன், லாரி ஹார்ன், ஆட்டோ ஹார்ன். திரும்பி வந்து எழுதச் சொன்னால் பதினோரு தாளிலும் ஹார்ன். உரத்த ஒலி மற்றதையெல்லாம் விழுங்கிவிடும். அடுத்த முறை பின்தெருவில் போனோம். மாவு மில் வாசல், தண்ணீர்க் குழாயடி, இஸ்திரி வண்டி, புளியமரம், மாடிப்படி. காலை ஏழு மணிக்கு ஒருமுறை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒருமுறை. பாதையை முன்னாலேயே தனியாக நடந்து பார்த்துவிடுங்கள். முன்னும் பின்னும் பெரியவர் ஒருவர் வேண்டும்.

குழாயடியில் பாதி வகுப்பு நின்றுவிட்டது. குடம் நிறைய நிறைய ஓசை மேலே ஏறிக்கொண்டே போகும். உள்ளே இருக்கும் காற்று குறைகிறதில்லையா, அதனால். அடுத்த அறையில் இருந்தபடியே குடம் நிரம்பப்போவது நம் அம்மாக்களுக்குத் தெரிவது இப்படித்தான். அதே குடத்தை வெளியே விரலால் தட்டினால் நேர்மாறு: தண்ணீர் கூடக் கூட ஓசை கீழே இறங்கும். ஜலதரங்கக் கிண்ணத்தில் நடப்பதும் அதுவே. ஒரு பெண் வலது கையால் தட்டிக்கொண்டே இடது கையால் குழாயைத் திறந்தாள். ஒரு ஓசை ஏற, ஒரு ஓசை இறங்க, இரண்டும் குறுக்கே கடந்துபோயின. அன்றைக்கு மேலே நடக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து நாலு குடம் நிரப்பினோம், குழாயடிக்கு வந்த அக்காக்கள் திட்டும் வரை.

மூன்றாம் படி: பெயர் சொல்லாதே, எப்படி இருந்தது சொல்

என்னைக் கேட்டால் இந்தப் படிக்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குவேன்.

பிதாகரஸ் திரைக்குப் பின்னால் இருந்து பாடம் சொன்னார் என்று ஒரு பழங்கதை உண்டு. முகத்தைப் பார்க்காமல் சொல்லை மட்டும் கேட்க வேண்டும் என்பதற்காகவாம். ஷெஃபெர் அந்தக் கதையை ஒலிக்குப் பொருத்தினார். எதிலிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு ஒலியை மட்டும் கேள் என்றார். வகுப்பில் இதற்குப் போர்வை போதும். இரண்டு நாற்காலிக்கு நடுவே கட்டுங்கள். ஒரு பிள்ளை பின்னால் போய் ஏதாவது ஒலி எழுப்ப வேண்டும். வெளியே இருப்பவர்கள் அது என்ன பொருள் என்று சொல்லவே கூடாது. சொன்னால் அவுட். ஒலி எப்படி இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் திக்குவார்கள். "சத்தமா இருந்துச்சு" என்பதற்கு மேல் வார்த்தை வராது. அப்போது ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சட்டென்று வந்ததா, மெல்ல வந்ததா? நடுவில் அப்படியே நின்றதா, அசைந்ததா? வழவழப்பா, சொரசொரப்பா? எப்படி முடிந்தது: வெட்டினாற்போலவா, கரைந்தா?

இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு சொத்து இருக்கிறது. பள்ளியில் இரட்டைக்கிளவி என்று ஐந்து எடுத்துக்காட்டு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோகிறார்களே, அது பெரும்பாலும் ஒலிக்கான சொல் கிடங்கு. சலசல, சரசர, நறநற, கறகற, மொறுமொறு, கலகல, படபட, குபுகுபு. கணகண என்றால் பெரிய மணி, கிணுகிணு என்றால் சின்ன மணி. யாரும் சொல்லித்தராமலே எட்டு வயதுப் பிள்ளை இதைச் சரியாகப் பிரிக்கும். சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, கிடைக்கிற சொல்லையெல்லாம் எழுதிக்கொண்டே வாருங்கள். இல்லாத சொல்லை உண்டாக்கினால் அதையும் எழுதுங்கள். எங்கள் தாளில் 'ஞொய்ங்' என்று ஒன்று உண்டு, நெகிழித் தட்டை மேசை விளிம்பில் வைத்து அமுக்கிவிட்டால் வருவது. தவிலோ மிருதங்கமோ கற்கிற பிள்ளை இருந்தால் இங்கே கொடி பறக்கும். கையில் வாசிக்குமுன் வாயில் சொல்லிப் பழகியவர்கள் அல்லவா.

ஒருநாள் குக்கர் விசிலைப் பதிந்து கொண்டுபோய்ப் போட்டேன். "புஸ்ஸ்" என்றார்கள் எல்லாரும். ஒரு பெண் மட்டும், "இல்ல சார், முதல்ல தித்தித்தித்தினு ஆடுது, அப்புறம் வாய வச்சு உறிஞ்சற மாதிரி ஒண்ணு, அதுக்கப்புறம்தான் புஸ்ஸ், கடைசில ஸ்ஸ்ஸ்னு தேயுது" என்றாள். மறுபடி போட்டோம். அவள் சொன்ன நாலும் இருந்தன. தினமும் மூன்று விசில் எண்ணுகிற வீட்டில் வளர்ந்த நான் அந்தத் தித்தித்தியை எண்ணியதே இல்லை.

நான்காம் படி: ஒலியை வரைவது

தரையில் சாக்பீஸ் கோடு. இடமிருந்து வலம் நேரம். மேலே கீழே என்றால் கீச்சு, கனம். தடிமன் என்றால் உரப்பு. குக்கருக்கு முதலில் புள்ளிகள், அப்புறம் ஒரு பட்டை, அப்புறம் வால். அடுத்து இதைத் திருப்பிப் போடுங்கள்: ஒரு பிள்ளை வரையட்டும், மற்றவர்கள் அந்தப் படத்தை வாயால் வாசிக்கட்டும். 1958இல் இசையமைப்பாளர் லிகெட்டி செய்த 'ஆர்டிகுலாட்சியோன்' என்ற மின்னிசைப் படைப்புக்கு, 1970இல் ரைனர் வேஹிங்கர் வண்ணப் புள்ளிகளும் சீப்பு வடிவங்களுமாக ஒரு 'கேட்கும் படம்' வரைந்தார். படமும் இசையும் சேர்ந்து ஓடுகிற காணொளி இணையத்தில் கிடைக்கிறது. பிள்ளைகள் இரண்டாம் முறை போடச் சொல்வார்கள், போடுங்கள்.

ஐந்தாம் படி: பிடித்து வைப்பது

இப்போது போன். எந்தப் போனாக இருந்தாலும் முதலில் ஒரு சோதனை: ஓடுகிற ஃபேனுக்குக் கீழே வைத்து அரை நிமிடம் பதியுங்கள். திரும்பக் கேட்டால் ஃபேன் தெளிவாக இருக்கிறதா, அல்லது மெல்ல மறைந்துவிடுகிறதா? மறைந்தால் அந்தச் செயலி இரைச்சல் என்று நினைத்து அதை வடிகட்டுகிறது. பேச்சுக்கு அது நல்லது; நமக்கு ஆகாது. அமைப்புகளில் இரைச்சல் நீக்கத்தை அணையுங்கள், முடியாவிட்டால் வேறு செயலி. ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் (.wav) கோப்பாகப் பதிய முடிந்தால் உத்தமம்.

போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். மைக் பெரும்பாலும் சார்ஜர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும், அதை விரலால் மூடக்கூடாது. ஒலியிலிருந்து ஒரு சாண் தூரம். வெளியே காற்றடித்தால் போனுக்கு ஒரு பழைய சாக்ஸ் மாட்டிவிடுங்கள். பதிவு தொடங்கியதும் பிள்ளை தன் பெயரையும் பொருளையும் சொல்ல வேண்டும், ஐந்து நொடி சும்மா இருக்க வேண்டும், அப்புறம்தான் ஒலி. முடிந்தபிறகும் ஐந்து நொடி. பெயர் சொல்வது எதற்கு என்றால், முதல் வருடம் அதைச் சொல்லாமல் விட்டேன். நாற்பத்திரண்டு கோப்பு, எல்லாம் 'பதிவு 1', 'பதிவு 2' என்று. எது யாருடைய கதவு என்று கண்டுபிடிக்க ஒரு வகுப்பு முழுக்கப் போனது, நடுவில் ஒரு சண்டையும் வந்தது.

அடுத்து, காதுக்கு எட்டாத ஒலியைப் பிடிப்பது. தீப்பெட்டி டெலிபோன் செய்தவர்களுக்கு இது எளிது. ஒரு முழ நூலின் நடுவில் எவர்சில்வர் கரண்டியைக் கட்டுங்கள். நூலின் இரண்டு முனையையும் ஆள்காட்டி விரல்களில் சுற்றி, விரல்களைக் காதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குனிந்து கரண்டியை மேசை விளிம்பில் மோத விடுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கு வெறும் 'டிக்'. காதில் விரல் வைத்தவருக்குக் கோயில் மணி. அந்த முகங்களைப் பார்ப்பதற்காகவே இதை ஒவ்வொரு வருடமும் வைத்திருக்கிறேன்.

இதையே பதிய வேண்டுமென்றால் காண்டாக்ட் மைக், அதாவது ஒட்டிய பொருளின் அதிர்வையே பிடிக்கும் மைக். எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் பீசோ தகடு என்று கேளுங்கள், 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள பித்தளை வட்டு. விலை டீ செலவுதான். அதன் இரண்டு ஒயரையும் ஒரு மோனோ ஜாக்கில் பற்றவைக்க வேண்டும். பற்றவைப்பு உங்கள் வேலை, பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். பற்றவைத்த இடத்தை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயரிலோ லேப்டாப்பின் மைக் துளையிலோ சொருகுங்கள். போனின் துளை வேறு வகை, நேராகச் சொருகினால் வேலை செய்யாது. வட்டை டேப் போட்டு சைக்கிள் கம்பியில் ஒட்டி சக்கரத்தைச் சுற்றுங்கள். ஜன்னல் கம்பி, சீப்பு, ஐஸ் போட்ட டம்ளர், இட்லித் தட்டு. மின்சாரத்தில் ஓடும் எந்தச் சாமானிலும் ஒட்ட வேண்டாம், இதில் சமரசமே இல்லை.

ஆறாம் படி: வெட்டுவது

சரி, இப்போது லேப்டாப்பைத் திறக்கலாம். ஒலியை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி மென்பொருள் இலவசம், 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, பழைய கணினியிலும் ஓடும். போன் எம்4ஏ கோப்பாகப் பதிந்திருந்தால் விண்டோஸில் அதைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளும் வேண்டும். இதை முந்தின நாளே வீட்டில் செய்து பாருங்கள். வகுப்பில் பன்னிரண்டு பேர் பார்க்க நிறுவிக்கொண்டிருப்பது நரகம்.

நான்கு காரியம் மட்டும் சொல்லிக்கொடுங்கள்: வெட்டுவது, திருப்புவது, வேகம் மாற்றுவது, திரும்பத் திரும்ப ஒட்டுவது. எதிரொலியையும் அறை முழக்கத்தையும் முதல் இரண்டு வாரம் தொடவே விடமாட்டேன். அது மசாலாப் பொடி. எதில் போட்டாலும் ஒரே ருசி வந்துவிடும், பிள்ளைகளும் ஆகா என்று அங்கேயே நின்றுவிடுவார்கள்.

முதல் பயிற்சி மணி. பூசை மணியை ஒருமுறை அடித்து, ஓய்ந்து அடங்கும் வரை பதியுங்கள். திரையில் தொடக்கம் குன்று போலவும் பிறகு நீண்ட வால் போலவும் தெரியும். அந்தக் குன்றை, அதாவது முதல் அரை நொடியை, வெட்டி எறியுங்கள். மீதித் தொடக்கம் 'டக்' என்று இடிக்காமல் இருக்க அதை மெல்ல ஏற்றிவிடுங்கள். இப்போது கேட்டால் மணியே இல்லை, யாரோ புல்லாங்குழலை நிதானமாக ஊதுவதுபோல இருக்கும். 1948இல் ஷெஃபெர் தடுக்கி விழுந்த கண்டுபிடிப்பு இது. மணியை மணி என்று நமக்குச் சொல்வது அந்த முதல் அடிதான். ஒரு பையன் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப என் பேர்ல முதல் எழுத்த வெட்டிட்டா?" என்று தன் பெயரைப் பதிந்து வெட்ட ஆரம்பித்தான். அன்றைய மீதி வகுப்பு எல்லார் பெயரும் வெட்டுப்பட்டன.

இரண்டாவது வேகம். இருமடங்கு வேகமாக்கினால் நேரம் பாதியாகும், சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். பாதி வேகமாக்கினால் ஒரு ஸ்தாயி இறங்கும். காக்கை கரைவதை நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டுங்கள். இரண்டு ஸ்தாயி கீழே போய், குகைக்குள்ளிருந்து ஏதோ பெரிய மிருகம் உறுமும். பாட்டு வகுப்புப் பிள்ளைகள் முகம் மலர்வது இங்கேதான், ஏனென்றால் அவர்கள் தேடிய ஸ அகப்பட்டுவிடுகிறது.

ஏழாம் படி: ஒரு நிமிடப் படைப்பு

மூன்று பேர் ஒரு குழு. ஒரே ஒரு ஒலியை வைத்து முப்பது நொடி செய்வது முதல் வேலை. ஒரே ஒலி என்றதும் முனகுவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். கதவு கிரீச்சிடுவது ஒன்றை வைத்தே திருப்பி, நீட்டி, துண்டாக்கி எத்தனை செய்யலாம் என்பது அப்போதுதான் புரியும். அடுத்து மூன்று ஒலி, ஒரு நிமிடம். லேப்டாப்பைத் தொடுமுன் முழுப் படமும் தாளில் வரைந்து காட்ட வேண்டும். ஒலி பிடிப்பது, வெட்டுவது, வரைவது என்று வேலையை வாரம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மவுஸ் ஒரே கையில் இருக்கும், பெரும்பாலும் கூட்டத்திலேயே உரக்கப் பேசுகிற பையன் கையில்.

இரண்டு குழுவில் ஒரு குழு பேய்ப்படம் செய்யும். எல்லா வருடமும் நடக்கிறது. தடுக்க வேண்டாம். "பேய் வர்றதுக்கு முன்னாடி என்ன கேக்குது?" என்று மட்டும் கேளுங்கள். யோசித்து, அலறலுக்கு முன் மூன்று நொடி மௌனம் வைப்பார்கள். மௌனத்தைக் கத்தரித்து ஒட்டலாம் என்று கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு அதற்குப் பிறகு பேயே தேவைப்படுவதில்லை.

சோர்வு தட்டினால் மற்றவர்கள் செய்ததைப் போட்டுக் கேளுங்கள், மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஷெஃபெரின் ரயில் படைப்பு. 1963இல் பிபிசியில் டீலியா டெர்பிஷர் டேப்பை அங்குலம் அங்குலமாக வெட்டி ஒட்டி உருவாக்கிய 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசை. அந்தத் தொடரே தெரியாத நம் பிள்ளைகளுக்கும் அது உடனே ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலம் ஓரளவு புரிகிற பெரிய பிள்ளைகளுக்கு, லெஸ்டர் நகரின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் நடத்தும் ஈயர்ஸ் 2 என்ற இணையதளத்தில் பாடங்களும் ஒலி மாதிரிகளும் உண்டு.

எட்டாம் படி: கடைசி நாள் கச்சேரி

மேடை வேண்டாம். ஜன்னலை மூடி, விளக்கை அணைத்து, நாற்காலிகளை ஒரே பக்கம் பார்க்காமல் கலைத்துப் போடுங்கள். ஸ்பீக்கர்களை முன்னால் மட்டும் வைக்காமல் அறையின் எதிரெதிர் மூலைகளில் வையுங்கள். பாரிஸில் 1974இல் இசையமைப்பாளர் பிரான்சுவா பேல் ஸ்பீக்கர்களையே ஒரு வாத்தியக் குழு மாதிரி பரப்பி வைத்து அக்கூஸ்மோனியம் என்று பெயரிட்டார். நமக்கு இரண்டு போதும். தங்கள் படைப்பு ஓடும்போது அந்தக் குழுவே வால்யூமைக் கையில் வைத்திருக்கட்டும், இருட்டில் கூட்டிக் குறைத்து வாசிக்கட்டும்.

முடிந்ததும் பெற்றோர் "சூப்பர், சூப்பர்" என்பார்கள். அதற்கு முன் நீங்கள் முந்திக்கொண்டு அவர்களிடம் வேறு கேள்வி கேளுங்கள். எந்த இடத்தில் மூச்சை நிறுத்திக் கேட்டீர்கள்? எந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை? எங்கே போதும் என்று தோன்றியது? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல அவர்கள் தயங்கினால், பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

கோப்புகளைப் பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள், வெட்டாத மூலப் பதிவுகளும் சேர்த்து. அப்போதே ஒரு விஷயம் சொல்லியனுப்ப வேண்டும். நான் சொல்ல மறந்தேன். போனின் சின்ன ஸ்பீக்கரில் கனத்த ஒலிகள் வரவே வராது. முதல் நாள் பட்டியல் வாசித்த அந்தப் பையன் டியூப்லைட் முனகலைப் பாதி வேகமாக்கி, 50 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, அதன் மேல் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்திருந்தான். வகுப்பில் நெஞ்சு அதிர்ந்தது. அன்று ராத்திரி அவன் அப்பா கூப்பிட்டார். "சார், ஒரு நிமிஷம் ஓடுது, ஒண்ணுமே கேக்கல. நடுவுல மட்டும் ஒரு சொட்டுனு வருது. கோப்பு கெட்டுப்போச்சா?"

ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள் என்றேன்.